நாணயம் எந்த ஊர், ஆள் எந்த ஊர்?

பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியில் அச்சான செப்புத் துட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஒருபுறம் பிரெஞ்சு அரச குலத்தின் லில்லி மலர்ச் சின்னம் இருக்கும். மறுபுறம் தமிழ் எழுத்தில் ‘புதுச்சேரி’ என்று ஊர்ப் பெயர், இடம் போதாமல் வரி வரியாக மடக்கி அடிக்கப்பட்டிருக்கும். காசு எந்த ஊருடையது என்று அதைக் கொண்டு வந்தவரைக் கேட்க வேண்டியதில்லை. காசே சொல்லிவிடும்.

இன்று வில்லியனூருக்கு அப்பால் செல்லிப்பட்டில் ஒருவர் தம் செல்பேசியில் அயல்நாட்டு இணையக் கடை ஒன்றைத் திறக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். விலை ரூபாயில் தோன்றுகிறது. நீங்கள் எந்த நாடு என்று அவரை யாரும் கேட்கவில்லை. கடைக்காரரோ கடலுக்கு அப்பால் இருக்கிறார். அப்படியிருக்க, வந்தவர் ரூபாய் புழங்கும் மண்ணில் நிற்கிறார் என்பது அந்தக் கடைக்கு எப்படித் தெரிந்தது? முன்பெல்லாம் காசைப் பார்த்து அதன் ஊரைக் கண்டுபிடித்தார்கள். இப்போது ஆளின் ஊரைக் கண்டுபிடித்து, அவருடைய காசை ஊகிக்கிறார்கள். இந்தத் தலைகீழ் மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, அது எவ்வளவு தூரம் நம்பத் தக்கது என்பதைப் பார்ப்போம். இதைப் பார்ப்பதற்குப் புதுச்சேரியின் கிராமங்களைப் போலப் பொருத்தமான இடம் வேறு கிடைப்பது அரிது.

கிழிந்த துணி போன்ற எல்லை

செல்லிப்பட்டு, வில்லியனூர் வட்டத்தில் சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். அந்த ஆற்றின் குறுக்கே செல்லிப்பட்டுக்கும் பிள்ளையார்குப்பத்துக்கும் இடையே பிரெஞ்சுக்காரர் காலத்தில் படுகை அணை ஒன்று கட்டப்பட்டது. புதுச்சேரிப் பகுதியின் வரைபடத்தைக் கண்டவர்கள் அறிவார்கள்: அது ஒரே நிலப்பரப்பு அன்று. சுமார் 290 சதுர கிலோமீட்டர் நிலம், கிழிந்த துணியைத் தரையில் உதறிப் போட்டாற்போலத் துண்டு துண்டாகத் தமிழ்நாட்டுக்குள் கிடக்கிறது. ஒரு பேருந்தில் ஏறினால் இறங்குவதற்குள் இரண்டு மூன்று முறை மாநிலம் மாறிவிடும்.

இதற்குக் காரணம் போரும் மானியமும்தான். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் கர்நாடகப் பகுதியின் நவாபுப் பதவிக்கு நடந்த சண்டைகளில் பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்து உதவினர். அதற்குக் கைம்மாறாக வில்லியனூர், பாகூர் சீமைகளின் ஊர்கள் அவர்களுக்குக் கிடைத்தன. நிலத்தை அளந்து கோடு போட்டுக் கொடுக்கவில்லை. வரி வருகிற ஊர்களை ஊர் ஊராகக் கொடுத்தார்கள். பிறகு ஆங்கிலேயர் பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள், மீண்டும் பிடித்தார்கள். 1783-இல் வெர்சாய் உடன்படிக்கையில் வில்லியனூர், பாகூர் என்ற பெயர்களைக் குறிப்பிட்டே பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பத் தர ஒப்புக்கொண்டார்கள். கடைசியாக 1816-இல் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபோதும் அந்தத் துண்டுகள் துண்டுகளாகவே இருந்தன.

இந்த எல்லையின் இருபுறமும் வேறு வேறு நாணயக் கணக்கு இருந்தது. இரு பக்கமும் ‘பணம்’ என்ற பெயரில் சிறு வெள்ளி நாணயம் புழங்கியது. காசு, துட்டு, பணம் என்பவையே பிரெஞ்சுக்காரர் வாயில் காஷ், தூதூ, ஃபனோன் என்று ஆயின. பெயர் ஒன்றுதான், மதிப்பு ஒன்றன்று. புதுச்சேரிக் கணக்கில் 8 பணம் ஒரு ரூபாய். சென்னைக் கணக்கில் 12 பணம் ஒரு ரூபாய். வயலைத் தாண்டிப் போய் நெல் விற்றுப் பணம் வாங்கி வந்த உழவர், அது எந்தப் பணம் என்று பார்க்காமல் மடியில் கட்டியிருந்தால் மூன்றில் ஒரு பங்கை இழந்திருப்பார்.

இங்கேதான் சராப்பு வருகிறார். காசை நோட்டம் பார்த்து மாற்றிக் கொடுப்பவர். தமிழ்நாட்டில் இந்தத் தொழில் மிகப் பழையது. சங்கப் புலவர் சிலரின் பெயரோடு ஒட்டியிருக்கும் ‘வண்ணக்கன்’ என்ற சொல் நாணயம் சோதிப்பவரைக் குறிப்பது. சராப்பு காசைக் கல்லில் சுண்டி ஓசை கேட்பார், உரைத்துப் பார்ப்பார், தராசில் இடுவார். மாற்றித் தருவதற்குக் கழித்துக்கொள்ளும் தொகைக்கு ‘வட்டம்’ என்று பெயர்.

பொய் சொல்லும் காசு

காசில் ஊர்ப் பெயர் இருந்தால் போதும், சோதிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எல்லாக் காசும் துட்டைப் போல நேர்மையாக ஊரைச் சொல்வதில்லை என்பதுதான் சிக்கல்.

1736-இல் பிரெஞ்சு ஆளுநர் துய்மா, ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலி கானிடமிருந்து புதுச்சேரியிலேயே வெள்ளி ரூபாய் அடிக்கும் உரிமையைப் பெற்றார். ஆனால் அந்த ரூபாயில் பிரெஞ்சு மன்னரின் பெயர் இல்லை. முகலாயப் பேரரசரின் பெயர் பாரசீக எழுத்தில் இருந்தது. ஊர்ப் பெயரும் புதுச்சேரி அன்று, ‘ஆர்க்காடு’! மக்கள் நம்பி வாங்குவது ஆர்க்காட்டு ரூபாயை. ஆகவே புதுச்சேரிச் சரக்கு ஆர்க்காட்டு முகவரியோடு சந்தைக்குப் போயிற்று. ஆங்கிலேயரும் தங்கள் அக்கசாலைகளில் இதே ஆர்க்காட்டுப் பெயரில்தான் ரூபாய் அடித்தார்கள். பிரெஞ்சு ரூபாயில் ஓர் ஓரமாகச் சின்னஞ்சிறு பிறை இருக்கும். அந்தப் பிறையைக் கண்டால், எழுதியிருப்பது ஆர்க்காடு ஆனாலும் பிறந்தது புதுச்சேரி என்று சராப்பு அறிந்துகொள்வார்.

இந்தப் பிறையை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இணையத்துக்கு வரும்போது இது தேவைப்படும்.

1835-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் 180 குன்றி எடை என்று — இங்கே நான் குன்றி என்பது ‘கிரெயின்’ என்ற ஆங்கில அளவை, நம் குன்றிமணி அன்று. இன்றைய கணக்கில் சுமார் 11.66 கிராம் — ஒரே ரூபாயை வகுத்தது. சராப்புகளின் பிழைப்பு அன்று முதல் மங்கத் தொடங்கியது எனலாம். புதுச்சேரியிலும் நாளடைவில் ஆங்கில இந்திய ரூபாயே புழங்கியது. 1875-இல் தொடங்கப்பட்ட இந்தோசீன வங்கி பிரெஞ்சிந்தியாவுக்கென ரூபாய்த் தாள்களை வெளியிட்டது. அவையும் இந்திய ரூபாய்க்குச் சரிசமமான மதிப்புடையவை. எல்லை அப்படியே இருக்க, நாணய வேறுபாடு மட்டும் கரைந்து போயிற்று.

ஆனால் எல்லை தன் வேலையை விட்டுவிடவில்லை. காசுக்குப் பதிலாகச் சரக்கைப் பிரிக்கத் தொடங்கியது. 1941-இல் ஏற்பட்ட சுங்க ஒன்றியம் 1949-இல் முடிவுக்கு வந்ததும், புதுச்சேரியைச் சுற்றி இந்திய அரசு சுங்கக் காவலை நிறுவியது. ஒரே ரூபாய்தான், ஆனால் அதே பொருளுக்குக் கோட்டுக்கு இப்புறம் ஒரு விலை, அப்புறம் ஒரு விலை. வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. அதன்பின் இந்திய ரூபாய் ஒன்றே நாணயம்.

1962-இல் இணைப்பு உடன்படிக்கை சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று வாய்ப்பளிக்கப்பட்டது. பிரெஞ்சுப் படையிலும் அலுவலகங்களிலும் பணியாற்றிய பல தமிழ்க் குடும்பங்கள் அவ்வாறே செய்தன. அவர்களுக்கு ஓய்வூதியம் பிராங்கில் வந்தது. பிறகு யூரோவில் வருகிறது. நிற்பது ரூபாய் மண்ணில், வருமானம் யூரோவில். இந்த நிலையில் உள்ளவரை எந்த இடங்காட்டிக் கருவியாலும் புரிந்துகொள்ள முடியாது என்பதைப் பின்னர்க் காண்போம்.

எண்ணுக்கு ஊர் உண்டா?

இணையத்தில் இணைக்கப்பட்ட ஒவ்வொரு கருவியும் ஓர் எண்ணைக் கொண்டு பேசுகிறது. இதற்கு ஐ.பி. முகவரி என்று பெயர். பழைய முறையில் இது 32 இருமை இலக்கங்கள் கொண்டது. ஆகவே மொத்தம் 429 கோடியே சொச்சம் முகவரிகள் கிடைக்கும். முகவரி என்று சொன்னதும் நாம் தெருவையும் கதவு எண்ணையும் நினைத்துக்கொள்கிறோம். அது தவறு. இந்த எண்ணில் ஊர் இல்லை, நாடு இல்லை. நம் அஞ்சல் குறியீட்டு எண்ணில் முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம் என்று தெரியும். ஐ.பி. முகவரியை அமைத்தவர்கள் இப்படி நிலப்பரப்பைக் கருதவே இல்லை. செய்தி போய்ச் சேர்ந்தால் போதும் என்பதே அவர்கள் நோக்கம்.

ஆனால் எண்களை யாருக்குக் கொடுத்தோம் என்று பதிவேடு வைத்தாக வேண்டுமல்லவா? ஐரோப்பாவுக்கு 1992-இலும் ஆசிய-பசிபிக் பகுதிக்கு 1993-இலும் இதற்கென அமைப்புகள் தோன்றின. அவற்றின் பதிவேட்டில் இன்ன எண்கள் இன்ன நாட்டின் இன்ன நிறுவனத்துக்கு என்று இருக்கும். நாடு எது என்பதை ஊகிக்க இதுவே முதல் ஆதாரம். நாடு தெரிந்தால் நாணயம் தெரிந்துவிடும்: ஒவ்வொரு நாணயத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு வழங்கும் உலகத் தர அட்டவணை 1978-லேயே வெளியாகிவிட்டது. (பூட்டானில் அவர்களுடைய ங்குல்ட்ரமும் நம் ரூபாயும் சேர்ந்தே செல்லுபடியாகின்றன, அட்டவணைக்கு இப்படிப்பட்ட நாடுகள் தலைவலிதான்.)

பதிவேட்டைத் தாண்டி, ஊர் வரைக்கும் கண்டுபிடிக்க முடியுமா? 2001-இல் வெங்கட பத்மநாபன், லக்ஷ்மிநாராயணன் சுப்பிரமணியன் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு மூன்று வழிகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். இரண்டாமவர் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர். முதல் வழி, செய்தி கடந்துவரும் இடைநிலையக் கருவிகளின் பெயர்களைப் படிப்பது. பொறியாளர்கள் தங்கள் வசதிக்காக அந்தப் பெயர்களில் ஊர்ச் சுருக்கத்தையோ விமான நிலையக் குறியீட்டையோ சேர்த்து வைத்திருப்பார்கள். இது சராப்பு பார்த்த பிறைக் குறியேதான். மற்றொரு வழி, அடுத்தடுத்த எண்களைத் தொகுதியாக்கி, அவற்றுள் சிலருடைய ஊர் தெரிந்தால் ஏனையோரும் அங்கேதான் என்று கொள்வது.

இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. ஒரு செய்தியை அனுப்பி, மறுமொழி வர எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பது. கண்ணாடி இழையின் ஒளிவிலகல் எண் சுமார் 1.47. ஆகவே இழையில் ஒளியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர். ஒரு மில்லி விநாடிக்கு 200 கிலோமீட்டர். போய் வரும் நேரம் 10 மில்லி விநாடி என்றால், அந்த ஆள் 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க முடியாது. எந்தத் தந்திரத்தாலும் ஒளியை முந்த முடியாது என்பதால் இது அசைக்க முடியாத வரம்பு. பல ஊர்களிலிருந்து இப்படி அளந்து வட்டங்கள் வரைந்தால், அவை வெட்டிக்கொள்ளும் பரப்புக்குள் ஆள் இருப்பார். ஆனால் கவனியுங்கள்: இது தருவது தூரத்தின் உச்ச வரம்பைத்தான். கம்பி சுற்றிப் போனாலும், இடையில் நெரிசல் இருந்தாலும் நேரம் கூடும். ஆள் பக்கத்திலேயே இருக்கலாம். மேலும், செல்லிப்பட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர் நகர்ந்தால் ஏற்படும் மாற்றம் ஒரு வழிக்கு இரண்டரை மைக்ரோ விநாடி. நெரிசலால் வரும் ஏற்ற இறக்கம் இதைப் போல் பன்மடங்கு. வயல் வரப்பில் போகும் எல்லையை இந்தக் கடிகாரம் பிரித்தறியாது.

பாரிஸ் நீதிமன்றம்

வணிகர்கள் இதைக் கையில் எடுத்துக்கொண்ட விதம் ஒரு வழக்கில் வெளிப்பட்டது. நாஜிச் சின்னங்களை ஏலம் விடுவது பிரான்சில் குற்றம். அமெரிக்காவின் யாஹூ நிறுவனத்தின் தளத்தில் அவை ஏலத்துக்கு வந்தன. பிரான்சிலிருந்து வருவோருக்கு மட்டும் அவற்றை மறைக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டில் பாரிஸில் வழக்கு நடந்தது. வருகிறவர் எந்த நாட்டவர் என்று எங்களால் அறிய முடியாது என்றது நிறுவனம். பிரான்சிலிருந்து வருவோருக்குப் பிரெஞ்சு மொழியில் விளம்பரம் மட்டும் காட்டத் தெரிகிறதே என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது! இணையத்தின் தந்தையருள் ஒருவரான விண்டன் செர்ஃப் உள்ளிட்ட மூவர் வல்லுநர் குழு, பிரான்சில் இருந்து வருவோரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரை ஐ.பி. முகவரி கொண்டே அடையாளம் காணலாம் என்று கூறியது. நவம்பர் 20 அன்று நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. விற்பதற்குத் தெரிந்த இடம், விலக்குவதற்குத் தெரியாமல் போவது இன்றும் நாம் காணும் வழக்கம்தான்.

விற்பவருக்கு இடம் ஏன் இவ்வளவு முக்கியம்? நாணயக் குறியை மாற்றிக் காட்டுவதற்காக மட்டும் அன்று. விலையையே மாற்றுவதற்காக. கல்லூரி மாணவர்கள் இதை அச்சுப் புத்தகத்தில் பார்த்திருப்பார்கள்: அமெரிக்க இயற்பியல் பாடநூலின் மலிவுப் பதிப்பில், இன்னின்ன நாடுகளில் மட்டும் விற்பனைக்கு என்று அச்சிட்டிருக்கும். துட்டைப் போலவே அந்த நூலும் தன் ஊரை நெற்றியில் எழுதிக்கொண்டு வருகிறது. அமெரிக்காவில் படித்த தாய்லாந்து மாணவர் ஒருவர் தம் நாட்டிலிருந்து மலிவுப் பதிப்புகளை வரவழைத்து அங்கே விற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013-இல் அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. நூல் கை மாறலாம். இணையத்தில் விற்கும் மென்பொருளோ பாடமோ அப்படிக் கை மாறுவதில்லை. அங்கே வாசலிலேயே ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள்.

ஆகவே இடத்தைத் தவறாகக் கணித்தால் நட்டம் உண்மையானது. நம் மாணவர் டாலர் நாட்டில் இருப்பதாகத் தளம் எண்ணிக்கொண்டால், அவருக்கு டாலர் விலை. அது இந்திய விலையைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும். அதற்கு மேல் வங்கி அயல்நாட்டு மாற்றுக் கட்டணம் என்று வேறு எடுத்துக்கொள்ளும். சராப்பு கழித்த அதே வட்டம்!

ஆர்க்காடு என்று எழுதிய புதுச்சேரிக் காசு

என் வகுப்பு மாணவர்களிடம், உங்கள் செல்பேசி எந்த ஊரில் இருப்பதாக இணையம் சொல்கிறது, ஐ.பி. முகவரியைக் கொண்டு பாருங்கள் என்றேன். ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தவர்களுள் ஒருவர் சென்னையில் இருந்தார், ஒருவர் மும்பையில் இருந்தார். புதுச்சேரியில் இருந்தவர்கள் சிலர்தான்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தொலைத்தொடர்புக் கணக்கில் புதுச்சேரி தமிழ்நாட்டு வட்டத்தைச் சேர்ந்தது. செல்பேசி நிறுவனங்கள் முகவரிப் பஞ்சத்தால் ஆயிரக்கணக்கானோரை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்தி, ஏதோ ஒரு பெருநகர வாயில் வழியாக வெளியே அனுப்புகின்றன. வெளியில் இருப்பவர் காண்பது அந்த வாயிலைத்தான். புதுச்சேரியில் பிறந்த ரூபாய் ஆர்க்காடு என்று எழுதிக்கொண்டு போனது போல, செல்லிப்பட்டுச் செய்தி சென்னை என்று எழுதிக்கொண்டு போகிறது. மற்ற அடையாளங்களும் இங்கே உதவுவதில்லை. 605 என்று தொடங்கும் அஞ்சல் குறியீடு புதுச்சேரிக்கும் உண்டு, விழுப்புரத்துக்கும் உண்டு. 0413 என்ற தொலைபேசிக் குறியீட்டைப் புதுச்சேரியும் வைத்திருக்கிறது, விழுப்புரம் மாவட்டத்து ஆரோவிலும் வைத்திருக்கிறது. நாணயத்தைப் பொறுத்தமட்டில் இந்தப் பிழையால் கேடில்லை, சென்னையிலும் ரூபாய்தான். ஊரின் பெயரை நம்பி வேறு காரியம் செய்யும்போதுதான் விபரீதம்.

அமெரிக்காவில் அப்படி நடந்தது. மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம் முகவரிக்கு ஊர் சொல்லும் தரவுத்தளத்தை விற்கிறது. நாடு அமெரிக்கா என்று மட்டும் தெரிந்து ஊர் தெரியாதபோது, நாட்டின் நடுப்புள்ளியாக 38 பாகை வடக்கு, 97 பாகை மேற்கு என்ற முழு எண்களைக் குறித்து வைத்தார்கள். அந்த இடத்தில் கான்சாஸ் மாநிலத்துப் பண்ணை வீடு ஒன்று இருந்தது. சுமார் 60 கோடி முகவரிகள் அந்த வீட்டின் தலையில் வந்து விழுந்தன. இணையத்தில் எங்கோ நடந்த மோசடிக்கெல்லாம் காவலரும் கோபக்காரர்களும் பத்தாண்டுகளுக்கு மேலாக அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். 2016-இல் செய்தி வெளியான பிறகு அந்தப் புள்ளியை ஓர் ஏரியின் நடுவுக்கு மாற்றினார்கள். ‘தெரியாது’ என்று எழுதுவதற்கு ஒரு கட்டம் ஒதுக்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆய்வுக்கூடத்தில் அளவீட்டோடு பிழை வரம்பையும் எழுது என்று நாங்கள் மாணவரை நச்சரிப்பது இதற்காகத்தான்.

இடம் சரியாகவே தெரிந்தாலும் போதாத நிலை ஒன்று உண்டு என்று முன்னர்ச் சொன்னேன். வில்லியனூரில் யூரோ ஓய்வூதியம் பெறும் முதியவருக்கு ரூபாய் விலை காட்டப்படுகிறது. பாரிஸிலிருந்து அவருக்குப் பொருள் வாங்கி அனுப்ப முயலும் பேரனுக்கு யூரோ விலை காட்டப்படுகிறது. இரண்டு கணிப்பும் நிலவியல்படி சரி. இரண்டும் தேவைக்குப் பொருந்தாதவை. இப்படிப்பட்ட சிக்கல்களைக் கண்டுதான் ஐரோப்பிய ஒன்றியம் 2018 டிசம்பர் முதல் ஒரு விதியை நடைமுறைப்படுத்தியது: வாடிக்கையாளரின் ஒப்புதல் இல்லாமல் அவரைத் தானாக வேறொரு நாட்டுத் தளத்துக்குத் திருப்பிவிடக் கூடாது. ஒழுங்கான கடைகள் இன்று ஊகித்த நாணயத்தைக் காட்டி, மாற்றிக்கொள்ள ஒரு பட்டியலையும் அருகில் வைக்கின்றன.

பணம் செலுத்தும் கட்டத்திலோ சராப்பின் பழைய முறையே திரும்பிவிட்டது. வங்கி அட்டையின் முன்வரிசை இலக்கங்கள் அதை வழங்கிய வங்கியைக் குறிப்பவை. முன்பு ஆறு, இப்போது எட்டு இலக்கங்கள். அட்டையைக் கொண்டு வந்தவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பற்றி அவற்றுக்குக் கவலையில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து பாரிஸின் ஈஃபெல் கோபுரத்துக்கு நம் யு.பி.ஐ. மூலம் நுழைவுச் சீட்டு வாங்க முடிகிறது. அங்கேயும் இயந்திரம் பார்ப்பது பையை, நிற்கும் மண்ணை அன்று.

புதுச்சேரி வரும் உறவினர் பிரெஞ்சு அட்டையை ஏ.டி.எம்.மில் செருகும்போது, சில இயந்திரங்கள் உடனே அதை அடையாளம் கண்டு, கணக்கை ரூபாயில் வைக்கட்டுமா, யூரோவில் வைக்கட்டுமா என்று கேட்கும். யூரோ என்றால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்தின் வங்கி நிர்ணயிக்கும்; அதற்குள் அதன் வட்டமும் அடங்கியிருக்கும். ரூபாய் என்றால் அட்டை நிறுவனத்தின் விகிதப்படி சொந்த வங்கி கணக்கிடும். பெரும்பாலும் இதுவே மலிவு. திரையில் இரண்டு தொகைகளும் எழுதியிருந்தால் அவசரப்படாமல் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள்.